குண்டூசி இல்லாத கடிதம்

அத்தியாயம் ஏழு

"அரசாங்கம் மறந்து போகும். பேரைத் தப்பா எழுதும். செத்தவனுக்குச் சம்மன் அனுப்பும். ஆனா குண்டூசி குத்தாம கடிதம் மட்டும் அனுப்பாது" என்றார் முத்திரை அக்கா.

அன்று வெள்ளிக்கிழமை, மணி பன்னிரண்டரை. ஐந்து மணிக்குப் பணம் வாங்க ஆள் வருவதாகக் கடிதத்தில் இருந்தது.

முத்திரை அக்கா எனக்குச் சொந்த அக்கா இல்லை. முப்பத்திரண்டு வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் உட்கார்ந்து முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் பகுதியில் எவன் எவனை ஏமாற்றினாலும் அக்காவிடம்தான் வருவார்கள். நான் தானியக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். மிச்ச நேரத்தில் அக்காவின் பையைத் தூக்குகிறேன். அதனால் அக்கா எனக்கு வைத்த பெயர் மூட்டை.

இந்த முறை வழக்கு என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. பெரியப்பா கட்டிலின் ஓரத்தில், மடியில் ஒரு பிஸ்கட் டின்னோடு இருந்தார். டின்னில் அவருடைய கண் ஆபரேஷன் பணம். அடுத்த வாரம் ஆபரேஷன். ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது, மறு கண்ணில் பாதிதான் மிச்சம்.

காலையில் கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைக்கப் போனபோதுதான் நான் கடிதத்தைப் பார்த்தேன். டின்னுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். நான் முப்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் ஓர் எழுத்தையும் விடமாட்டேன். படித்து முடித்ததும் அரை நாள் கூலியை விட்டுவிட்டு அக்காவைக் கூட்டி வந்தேன்.

கடிதம் இரண்டு தாள். "தங்கள் மனைவி சென்ற ஆண்டு ஜனவரி பன்னிரண்டாம் தேதி காலமான பின்பும், பதினான்கு மாதங்கள் அவர் பெயரில் முதியோர் உதவித்தொகை பெற்றுள்ளீர்கள். அத்தொகை முழுவதையும், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வரும் அலுவலரிடம் ரொக்கமாகச் செலுத்தவும். தவறும் பட்சத்தில் தங்கள் உதவித்தொகையும் நிறுத்தப்பட்டு, காவல் துறை நடவடிக்கை எடுக்கப்படும். இதை வெளியில் கூறக் கூடாது."

கீழே ஒரு முத்திரை. அக்கா அதைப் பார்த்துச் சிரித்தார். "கையால குத்தின முத்திரை ஒரு பக்கம் அழுந்தும், ஒரு பக்கம் மங்கும். இது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. குத்தல, அச்சடிச்சிருக்கான். தாளைச் சேர்க்க ஒரு குண்டூசிகூட இல்ல, மூலையைக் கிழிச்சு மடிச்சு விட்டிருக்கான்."

"குண்டூசி வாங்கக்கூட அவங்ககிட்ட காசு இல்லக்கா. அதான் பெரியப்பாகிட்ட கேக்குறாங்க" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. பெரியப்பாவும் சிரிக்கவில்லை. அவர் விரல் மட்டும் டின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தது.

"ஐயா, கடிதம் எப்படி வந்துச்சு?"

"கதவுக்கு அடியில கிடந்துச்சும்மா."

"யார் படிச்சுக் காட்டினாங்க?"

"நானேதான். பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சேன். ஒரு பகல் பூரா ஆச்சு."

"சரி. இதுல ஒரு விஷயம் கேக்கணும். அம்மா போனது பன்னிரண்டாம் தேதியா?"

நான் குறுக்கே விழுந்தேன். "பதினொண்ணுக்கா. நான்தானே ஆஸ்பத்திரியில இருந்தேன். அன்னைக்கு லாரியில பாதிச் சரக்கை அப்படியே விட்டுட்டு ஓடினேன், மேஸ்திரி ஒரு வாரம் திட்டினார். சர்டிபிகேட்லயும் பதினொண்ணுதான்."

"அப்ப பன்னிரண்டு எங்கிருந்து வந்துச்சு?" அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்ப்பதற்கு அதிகம் இல்லை. ஒரு கட்டில், ஒரு அலமாரி, அலமாரியில் சார்ஜரில் செருகிய ஒரு பழைய பட்டன் போன், அதன் சின்னப் பச்சை விளக்கு. சுவரில் பெரியம்மாவின் படம். அக்கா படத்துக்குக் கிட்டே போய் நின்றார்.

படத்தின் அடியில் அச்சிட்டிருந்தது: மறைவு, ஜனவரி பன்னிரண்டாம் தேதி.

பதினான்கு மாதமாக அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறேன். எழுத்தை விடமாட்டேன் என்று பீற்றிக்கொள்கிற நான், பெரியம்மாவின் முகத்துக்குக் கீழே பார்த்ததே இல்லை.

"ஸ்டுடியோக்காரன் தப்பாப் போட்டுட்டான்மா" என்றார் பெரியப்பா மெதுவாக. "திருத்தித் தரேன், ரெண்டு நாள் படத்தைக் கடையில விட்டுட்டுப் போங்கன்னான். ரெண்டு நாள் அவ இல்லாம எப்படி இருக்கிறது? வேண்டாம்னு தூக்கிட்டு வந்துட்டேன்."

அக்கா படத்தை விட்டுத் திரும்பி வந்து பெரியப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியில பதினொண்ணு, சர்டிபிகேட்ல பதினொண்ணு. இந்த உலகத்துல பன்னிரண்டுன்னு சொல்றது இந்தச் சுவர் ஒண்ணுதான். கடிதம் எழுதினவன் இந்த அறைக்குள்ள நின்னவன். ஐயா, அம்மா பேர்ல பணம் நிஜமாவே வருதா?"

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். "வருது."

அது எனக்கே தெரியாது.

"போன மாசம்?"

"இந்த மாசமும் வந்துச்சு."

"ஆபீசுக்கு அம்மா இறந்தது தெரிஞ்சிருந்தா முதல்ல பணத்தை நிறுத்திட்டுத்தான் கடிதம் போடுவான். இன்னும் பணம் போட்டுட்டு இருக்கான்னா அவனுக்குத் தெரியாது. இது வேற ஆள். பணம் வர்றது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அவளுக்கும்" என்று படத்தைக் காட்டினார்.

"இந்த அறைக்குள்ள யார் வருவாங்க?"

"இதோ, பெரியவன் வருவான். சின்னவன் வருவான்." எனக்கும் என் தம்பிக்கும் இந்த வீட்டில் அவைதான் பெயர். பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் அப்பா போன பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டது பெரியம்மா. "அப்புறம்..." பெரியப்பா யோசித்தார். "அந்த ஜெராக்ஸ்காரர். ஃபாரம் நிரப்புறதுக்கு ஒரு தடவை வந்தார்."

"போச்சு, மாட்டினான்!" என்று எழுந்தேன்.

*

ஜெராக்ஸ் கடையில் கூட்டம் கலைய மூன்றரை மணி ஆயிற்று. கடை ஒரு ஆள் நிற்கும் அகலம். உள்ளே ஒன்றரை ஆள் அகலத்தில் ஜெராக்ஸ்காரர். அவரை அங்கே உட்கார வைத்துவிட்டு அப்புறம்தான் சுவர் எழுப்பியிருக்க வேண்டும்.

கடிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது. "இதை நான் அடிச்சேனா? என் மிஷினைக் கேவலப்படுத்தாதீங்க." பக்கத்தில் இருந்த தாள்களை அள்ளி எங்கள் முன்னால் போட்டார். ஒவ்வொன்றின் இடது ஓரத்திலும் மேலிருந்து கீழ் வரை ஒரு கறுப்புக் கோடு. "உருளையில கீறல். மாத்தக் காசில்ல. ரெண்டு வருஷமா இந்தக் கோடு இல்லாம இங்கிருந்து ஒரு தாள் வெளிய போனதில்ல. உங்க கடிதத்துல கோடு எங்க?"

இல்லை. ஓரம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"மிஷின் கெட்டுப் போனதைப் பெருமையாச் சொல்றவரை இப்பத்தான் பாக்குறேன்" என்றேன்.

"நீ சும்மா இரு மூட்டை" என்ற அக்கா ஜெராக்ஸ்காரரிடம் திரும்பினார். "இவன் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தீங்களா?"

"அவர் வீட்டுக்கா? அவர்தான் வருவார், அதோ அந்த ஸ்டூல்ல உட்காருவார். வீடு எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. இந்த ஸ்டூலை விட்டு நான் எழுந்தாத்தானே!"

அது பொய்யாக இருக்க முடியாது. அவர் எழுவதற்கு இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.

அவர் கடிதத்தை மறுபடி வாங்கி உதட்டசைத்துப் படித்தார். "தவறும் பட்சத்தில்... வெளியில் கூறக் கூடாது... இரு இரு. இது எனக்கே வந்திருக்கே!" மேஜையைக் கிளறி ஒரு கசங்கிய தாளை எடுத்தார். அவர் வாங்கிய மிஷினுக்குத் தவணை பாக்கி. தவணைக் கம்பெனி அனுப்பிய கடிதம். வரிக்கு வரி அதே மிரட்டல்தான், அரசாங்கத்தின் பெயர் மட்டும் இல்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அக்கா, வழக்கு முடிஞ்சுது! இந்தக் கம்பெனியிலதான் என் தம்பி வேலை பாக்குறான். கடிதம் அடிக்கிறதே அவன் பிரிவுதான். அவன்கிட்ட கேட்டா எந்தத் திருட்டுப் பயல்னு அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவான்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை புரியவில்லை. "ரெண்டு பக்கத்துக்கும் ஒரு நகல் போடுங்க" என்று ஜெராக்ஸ்காரரிடம் மட்டும் சொன்னார்.

*

எதிரே டீக்கடை பெஞ்ச். அக்கா டீயை ஊதி ஊதிக் குடித்தார். கறுப்புக் கோடு விழுந்த இரண்டு நகல் தாளையும் என்னிடம் நீட்டினார்.

"பறந்துடப் போகுது. சேர்த்து வை."

"குண்டூசி இல்லையேக்கா."

"என்கிட்டயும் இல்ல. எப்படியாவது சேர்த்து வை."

பேசிக்கொண்டே செய்தேன். "பெரியப்பா கண்ணு ஆபரேஷன் முடிஞ்சதும் முதல்ல இந்த ஜெராக்ஸ்காரரைக் காட்டணும்க்கா. பாதிக் கண்ணுக்கு முழுசாத் தெரிஞ்சிருக்க மாட்டாரு." இடது மூலையில் இரண்டு சின்னக் கிழிசல். நடுவில் நின்ற நாக்கைப் பின்னால் மடித்து, நகத்தால் ஓர் அழுத்து. கிடங்குக்குள் குண்டூசியோ ஸ்டேப்ளரோ கொண்டு போகக் கூடாது. ஓர் ஊசி தானியத்துக்குள் விழுந்தால் எந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள் போகுமோ. அதனால் சரக்குச் சீட்டுகளை நாங்கள் இப்படித்தான் சேர்ப்போம். ஒரு நாளைக்கு நூறு தடவை.

தாளை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. பையிலிருந்து அசல் கடிதத்தை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தார்.

இரண்டு மூலையும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

டீ கிளாஸை பெஞ்சில் வைத்தேன். காலையிலிருந்து அந்த மூலையை எத்தனை தடவை பார்த்தேன்! ஒரு நாளில் நூறு தடவை பார்க்கிறதை யார் பார்க்கிறார்கள்?

"அக்கா... நானா எழுதினேன்னு நினைக்கிறீங்க?"

"கடிதத்தைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நினைச்சேன். உன் பாக்கெட்ல மடிச்சு வச்சிருக்கிற கூலிச் சீட்டுகளைப் பார்த்திருக்கேன்டா. ஆனா தேதி உன்னைக் காப்பாத்திடுச்சு. நீ எழுதியிருந்தா பதினொண்ணுன்னு எழுதியிருப்ப." கிளாஸைக் கீழே வைத்தார். "இந்த மடிப்பை வேற யாருக்குச் சொல்லிக் குடுத்த?"

எனக்குக் கண் முன்னால் ஒரு பையன் நின்றான். பள்ளிக்கூடப் பரீட்சைத் தாளைச் சேர்க்க நூல் வாங்கக் காசு கேட்டு நிற்கிறான். காசு இல்லை. அண்ணன் தாளின் மூலையைக் கிழித்து மடித்துக் காட்டுகிறான். "பாத்தியா? காசே வேண்டாம்" என்கிறான் அண்ணன். பையன் கைதட்டிச் சிரிக்கிறான்.

அந்தப் பையன் படிக்க வேண்டும் என்றுதான் நான் மூட்டை தூக்கப் போனேன்.

பெரியம்மா போன அன்று சின்னவன் கம்பெனிப் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தான். மறுநாள்தான் வந்து பார்த்தான். அவனுக்கு அவள் செத்த நாள் பன்னிரண்டாம் தேதிதான். சுவரும் அதையே சொல்லியிருக்கிறது.

"இன்னொண்ணு இருக்குடா" என்றார் அக்கா. "ஜெராக்ஸ்காரர் வீட்டுக்கு வந்தார்னு ஐயா ஏன் பொய் சொன்னார்?"

நான் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

*

நாங்கள் திரும்பியபோது மணி நாலே முக்கால். சின்னவன் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தான். தேய்த்த சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை.

"அண்ணா? நீ வேலைக்குப் போகலையா?"

"நீ போகலையா?"

"ஆபீசர் வர முடியலையாம். என் கம்பெனிக்குப் போன் பண்ணாங்க, பெரியப்பாகிட்ட வாங்கிட்டு வந்து..."

நான் நகலை நீட்டினேன். மூலையைக் கட்டை விரலால் காட்டினேன். அவன் பார்த்தான். அவன் கை தானாகப் போய்த் தன் சட்டைப் பையை மூடியது, அங்கேயும் ஒரு மடித்த சீட்டு இருப்பது போல.

"வேலை போயி மூணு மாசமாச்சுண்ணா." குரல் கீழே போயிற்று. "வீட்ல சொல்லல. தினமும் இந்த அட்டையை மாட்டிட்டுப் பூங்காவுல போய் உட்காருறேன். பெரியம்மா பணம் சும்மாதானே வருது, பெரியப்பா தொடுறதுகூட இல்லைன்னு... மெசேஜ் வந்தா நான்தான் படிச்சுக் காட்டுவேன். அதுலருந்து எடுத்துக் குடுப்பார்னு நினைச்சேன். கண்ணுப் பணத்தை எடுப்பார்னு சத்தியமா நினைக்கலண்ணா."

அடிக்க ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அறுபது கிலோ மூட்டையைத் தூக்குகிற கை, தன் பாரத்தையே தாங்க முடியாமல் இறங்கியது.

"பெரியப்பாவுக்குத் தெரியக் கூடாது" என்றேன் அக்காவிடம். "யாரோ வெளியாள்னு சொல்லிடுங்க."

"உள்ள வாங்கடா" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "எனக்குக் கண்ணுதான் தெரியாது. காது கேக்கும்."

உள்ளே போனோம். சின்னவன் வாசலைத் தாண்டவில்லை.

"கேட்டுத்தான் தெரியணும்னு இல்ல" என்றார் பெரியப்பா. "கடிதத்தைக் கையில எடுத்ததுமே விரலுக்குத் தெரிஞ்சிடுச்சு. அந்தக் கிடங்குல நான் இருபத்தாறு வருஷம் சீட்டு மடிச்சவன்டா. உனக்கு அதைச் சொல்லிக் குடுத்தது யாரு? என் ரெண்டு பசங்கள்ல ஒருத்தன்னு தெரிஞ்சுது. அப்புறம் தேதியைப் பார்த்தேன். பெரியவன் இல்லைன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா பணத்தை எடுத்து வச்சீங்க?" அக்கா கேட்டார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்மா. கேக்க வெக்கப்பட்டுட்டு அரசாங்கத்தை இழுத்திருக்கான். எவ்வளவு கஷ்டமோ. அவனைக் காட்டிக் குடுக்க மனசில்லாமத்தான் ஜெராக்ஸ்காரர் பேரைச் சொன்னேன். பேசாம குடுத்து அனுப்பிடலாம்னு இருந்தேன், இந்தப் பெரியவன் சிலிண்டரைத் தூக்கிட்டு வந்து கெடுத்துட்டான்." டின்னை வாசல் பக்கம் நீட்டினார். "சின்னவனே, எவ்வளவுடா வேணும்?"

சின்னவன் நிலைப்படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். நான் டின்னை வாங்கி மூடி அலமாரியில் வைத்தேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு அவரை நான் கூட்டிப் போவேன். அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

"ஐயா, கடிதம் பொய். ஆனா அதுல உள்ள விஷயம் உண்மை" என்றார் அக்கா. "இன்னைக்கு வந்தது சின்னவன். நாளைக்கு நிஜமான ஆபீசர் வருவான். அம்மா பணத்துல கை வச்சீங்களா?"

"ஒரு பைசா தொடல. அப்படியே கிடக்குது."

"அப்பப் பயமில்ல. நாமளே போய்ச் சொல்லுவோம், அவங்க திருப்பி எடுத்துக்குவாங்க. தொடாத பணத்துக்காக இத்தனை மாசம் ஏன் சொல்லாம இருந்தீங்க?"

பெரியப்பா அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார். பச்சை விளக்கு எரிகிற அந்தப் பழைய போன்.

"அது அவ போன். யாரும் பேச மாட்டாங்க. மாசத்துக்கு ஒரு தடவை, அஞ்சாம் தேதி, பணம் வந்துச்சுன்னு ஒரு சத்தம் குடுக்கும். அவ இருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டா அடுப்படியிலிருந்து 'என்னங்க, வந்துடுச்சு'ன்னு குரல் குடுப்பா. அந்தச் சத்தம்தான். வேற ஒண்ணும் இல்லம்மா."

முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் பெயரை நீக்கும் கடிதங்களுக்கு அக்கா முத்திரை குத்தியிருப்பார்! அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"சொல்லிட்டா அப்புறம் அது சத்தம் குடுக்காதா?"

"குடுக்காது ஐயா."

பெரியப்பா தலையாட்டினார். வெகுநேரம் ஆட்டினார். பிறகு, "சின்னவனே, உள்ள வா. உன் கையெழுத்து நல்லா இருக்கும். எழுது" என்றார்.

சின்னவன் தரையில் உட்கார்ந்து எழுதினான். என் மனைவி காலமாகிவிட்டார், அவர் பெயரை நீக்கவும். தேதி எழுதும் இடத்தில் பேனா நின்றது. அவன் சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"பதினொண்ணு" என்றேன்.

எழுதினான். பெரியப்பா கையெழுத்துப் போட்டார், கோடு சாய்ந்து போயிற்று. அக்கா இறப்புச் சான்றிதழை அதனோடு சேர்த்து வைத்து, பையிலிருந்து ஒரு குண்டூசி டப்பாவை எடுத்தார். டீக்கடையில் இல்லை என்று சொன்ன அதே டப்பா.

"குத்தாதீங்கம்மா" என்றார் பெரியப்பா. "அவ பேர் இருக்கு அதுல."

இரண்டு தாளையும் வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூலையைத் தேடினார். இரண்டு கிழிசல். ஒரு மடிப்பு. நகத்தால் ஓர் அழுத்து.

மணி ஐந்து அடித்தது. யாரும் வரவில்லை. திங்கட்கிழமை ஆபீசில் கொடுக்க அக்கா மனுவைப் பையில் வைத்துக்கொண்டார். அக்காவை வழியனுப்ப நானும் சின்னவனும் கிளம்பும்போது அலமாரியில் அந்தப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சார்ஜரைப் பிடுங்க எங்களில் ஒருவருக்கும் கை போகவில்லை.